தேர் தயார், குதிரை எங்கே?

அல்சூரிலிருந்து பழைய மெட்ராஸ் ரோடில் கிழக்கே போனால், பையப்பனஹள்ளி அருகே வலது பக்கம் ஒரு சாலை பிரிகிறது. எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலை இருக்கும் விமானபுரத்தில் கொண்டுபோய் விடும் சாலை. பெயர் சுரஞ்சன் தாஸ் ரோடு. ஆட்டோக்காரரிடம் தினமும் சொல்லப்படும் பெயர். கடிதங்களில் எழுதப்படும் பெயர். அந்த தாஸ் யார் என்று கேட்டால் பெரும்பாலோர் உதட்டைப் பிதுக்குவார்கள்.

குரூப் கேப்டன் சுரஞ்சன் தாஸ் ஒரு சோதனை விமானி. இந்தியாவில் வடிவமைக்கப்பட்ட முதல் போர் விமானமான எச்.எஃப்-24 மாருத்தை 1961 ஜூன் 17-ல் முதன்முதலாக வானில் ஏற்றியவர் அவர்தான். 1970 ஜனவரி 10-ல் அதே மாருத்தின் ஒரு மாற்று வடிவத்தைச் சோதித்தபோது இறந்தார். அந்த இரண்டு தேதிகளுக்கும் இடையே உள்ள எட்டரை ஆண்டுகள், ஒரு நல்ல விமானத்துக்கு ஏற்ற என்ஜின் தேடி ஒரு நாடு அலைந்த கதை. தேடல் பெங்களூரில் தொடங்கி லண்டன், கெய்ரோ என்று சுற்றி மறுபடி பெங்களூருக்கே வந்து நின்றது.

வழியில் அது இன்னொரு விமானத்தைச் சந்தித்தது. ஸ்பெயினில் கருவாகி எகிப்தில் பிறந்த எச்.ஏ-300. இந்த இரண்டு விமானங்களின் ஜாதகத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இன்று தேஜஸ் விமானங்களுக்கு அமெரிக்க என்ஜின் எப்போது வரும் என்று நாம் ஏன் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறோம் என்பது புரியும்.

ஸ்பெயினிலிருந்து தொடங்கலாம். 1942-ல் பிராங்கோவின் அரசு, ஹிட்லரின் ஜெர்மனியிடமிருந்து மெஸ்ஸர்ஷ்மிட் 109 போர் விமானத்தை உள்நாட்டில் தயாரிக்க உரிமம் வாங்கியது. செவில் நகரில் இருந்த ஹிஸ்பானோ ஏவியாசியோன் நிறுவனம் தயாரிக்க வேண்டும், என்ஜின் ஜெர்மனியிலிருந்து வர வேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் ஜெர்மனிக்குத் தன் சொந்தப் போருக்கே என்ஜின் போதவில்லை. வந்து சேர்ந்தது 25 வெற்று உடல்கள். அவற்றுக்கும் வால் பகுதி இல்லை. தேவையான வரைபடங்களில் பாதிகூட வரவில்லை.

ஸ்பானியர்கள் அந்த உடலில் முதலில் ஹிஸ்பானோ-சுய்ஸா என்ஜினைப் பொருத்திப் பார்த்தார்கள். சுமாராகப் பறந்தது. கடைசியில் 1950-களில் அவர்கள் கண்டுபிடித்த தீர்வைக் கேட்டால் சிரிப்பு வரும். பிரிட்டனின் ரோல்ஸ்-ராய்ஸ் மெர்லின் என்ஜினை வாங்கிப் பொருத்தினார்கள். போரின்போது மெஸ்ஸர்ஷ்மிட்டைத் துரத்தித் துரத்தி அடித்த ஸ்பிட்ஃபயரின் அதே மெர்லின். ஜெர்மன் என்ஜின் தலைகீழாகப் பொருத்தப்படும் வகை, மெர்லின் நிமிர்ந்த வகை என்பதால் விமானத்தின் மோவாய்ப் பகுதி புடைத்துக்கொண்டது. பார்க்க செவில் நகரத்துப் புறா மாதிரி இருந்ததால் ‘புச்சோன்’ என்ற பெயர் நிலைத்தது. மார்பை உப்பிக்கொண்டு நடக்கும் ஒரு வகைப் புறாவின் பெயர் அது. 1969-ல் வெளியான ‘பேட்டில் ஆஃப் பிரிட்டன்’ திரைப்படத்தில் ஜெர்மன் விமானங்களாக நடித்தவை இந்தப் புறாக்கள்தான். உடல் ஒருவருடையது, உயிர் இன்னொருவருடையது. ஸ்பெயின் கற்ற முதல் பாடம் அது.

போர் முடிந்தது. தோற்ற ஜெர்மனியில் விமானம் தயாரிக்க நேச நாடுகள் தடை விதித்தன. 1955 வரை அது நீடித்தது. வேலை இழந்த ஜெர்மன் வடிவமைப்பாளர்கள் உலகம் முழுக்கச் சிதறினார்கள். வில்லி மெஸ்ஸர்ஷ்மிட் 1950-களின் தொடக்கத்தில் ஸ்பெயினுக்கு வந்து சேர்ந்தார். போர்க்காலத்தில் அடிமைத் தொழிலாளர்களைப் பயன்படுத்திய குற்றத்துக்காகக் காவலில் இருந்துவிட்டு வந்தவர். ஹிஸ்பானோ நிறுவனத்துக்காக வரிசையாக வரைந்து தள்ளினார். எச்.ஏ-100 ஒரு பயிற்சி விமானம். எச்.ஏ-200 சயேத்தா என்ற ஜெட் பயிற்சி விமானம் 1955 ஆகஸ்டில் பறந்து வெற்றி கண்டது. மூன்றாவது எச்.ஏ-300. ஒலியைவிட வேகமாகப் பறக்க வேண்டிய, முக்கோண இறக்கை கொண்ட, மிக இலகுவான போர் விமானம்.

அதன் வடிவத்தைச் சோதிக்க முதலில் என்ஜின் இல்லாத கிளைடர் ஒன்று செய்தார்கள். 1959-ல் இன்னொரு விமானத்தின் பின்னால் கட்டி இழுத்துப் பறக்கவிட்டபோது அது கட்டுக்குள் நிற்கவில்லை. அதைத் திருத்தியிருக்கலாம். ஆனால் அதற்குள் ஸ்பெயினின் நிலைமை மாறிவிட்டது. 1953 செப்டம்பரில் பிராங்கோ அமெரிக்காவுடன் ஒப்பந்தம் செய்துகொண்டார். ராணுவத் தளங்களுக்கு இடம் கொடுத்தார், பதிலுக்கு ஆயுத உதவி வந்தது. 1955-லிருந்து அமெரிக்க சேபர் ஜெட் விமானங்கள் வந்து இறங்கத் தொடங்கின. வாசலில் தயாராக நிற்கும் சேபரை விட்டுவிட்டு, தாளில் இருக்கும் எச்.ஏ-300-க்கு எந்த நிதி அமைச்சர் காசு கொடுப்பார்? 1960-ல் ஸ்பெயின் கைகழுவியது.

அதே ஆண்டுகளில் பெங்களூரில் இன்னொரு ஜெர்மானியர் வேலையில் இருந்தார். குர்ட் டாங்க். போரில் நேச நாட்டு விமானிகளை நடுங்க வைத்த ஃபோக்க-வுல்ஃப் 190-ஐ வடிவமைத்தவர். போருக்குப் பின் அர்ஜென்டினா போய், அதிபர் பெரோனுக்காக புல்கி-2 என்ற ஜெட் விமானத்தைச் செய்தார். 1955-ல் பெரோன் ஆட்சி கவிழ்ந்தது, புல்கியின் எதிர்காலமும் கவிழ்ந்தது. டாங்க் இந்தியாவுக்கு வந்தார். சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் படித்த அப்துல் கலாம், தன் சுயசரிதையில் அந்தக் கல்லூரியுடன் சேர்த்து டாங்கின் பெயரைக் குறிப்பிடுகிறார். 1956-லிருந்து டாங்கும் அவருடன் வந்த ஜெர்மன் குழுவும் எச்.ஏ.எல்.லில்.

எச்.ஏ.எல். அப்போது எப்படி இருந்தது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். தொழிலதிபர் வால்சந்த் ஹிராசந்த், மைசூர் சமஸ்தானத்தின் துணையுடன் 1940 டிசம்பரில் தொடங்கிய ஆலை. உலகப் போரில் அமெரிக்க விமானங்களைப் பழுது பார்த்தது. சுதந்திரத்துக்குப் பின் ரயில் பெட்டிகள்கூடச் செய்தது. டாக்டர் வி.எம். காட்டகே தலைமையில் எச்.டி-2 என்ற பயிற்சி விமானத்தை வடிவமைத்த பெருமை உண்டு. அது புரொப்பல்லர் விமானம். அங்கிருந்து ஒலியின் வேகத்தைப்போல இரண்டு மடங்கு வேகத்தைக் குறிவைப்பது, சைக்கிள் ஓட்டப் பழகியவன் அடுத்த நாளே லாரியில் மலைப்பாதை ஏறுவதைப் போன்றது.

அங்கேயும் முதலில் கிளைடர்தான். மரத்தில், முழு அளவில் செய்யப்பட்டது. அதே 1959-ல் பறந்தது. செவிலின் கிளைடர் சறுக்கிய இடத்தில் பெங்களூரின் கிளைடர் எழுபதுக்கும் மேற்பட்ட முறை பறந்து, டாங்கின் கணக்கு சரி என்று நிரூபித்தது. இரண்டே ஆண்டுகளில் நிஜ விமானம் தயார். 1961 ஜூன் 17-ல் தாஸ் அதைப் பறக்கவிட்டார். அடுத்த வாரமே பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனன் முன்னிலையில் ஒரு பகிரங்கப் பறப்பு. எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ. ஆலைகளில் வேலை பார்த்த தமிழ்க் குடும்பங்கள் அல்சூரிலும் சுற்று வட்டாரத்திலும் நிறைய. அந்த வீடுகளுக்கு மாருத் செய்தித்தாளில் படிக்கும் சமாச்சாரமாக இல்லாமல், சாப்பாட்டுக் கூடையோடு போய் வரும் வேலையாகவே இருந்தது.

ஆனால் மாருத்துக்கு ஒரு குறை. சமஸ்கிருதத்தில் மாருத் என்றால் காற்று. அந்தக் காற்றுக்கு மூச்சு போதவில்லை. டாங்க் விமானத்தை வரைந்தது பிரிட்டனின் பிரிஸ்டல் நிறுவனம் திட்டமிட்டிருந்த ஆர்ஃபியஸ்-12 என்ற என்ஜினை மனதில் வைத்து. ஒரு என்ஜின் சுமார் 3,700 கிலோ உந்துவிசை தரும், மாருத்தில் அப்படி இரண்டு. அந்த என்ஜினில் ‘ரீஹீட்’ என்ற வசதி இருக்கும். வெளியேறும் சூடான வாயுவில் மறுபடி எரிபொருளைத் தெளித்துக் கொளுத்தி, கூடுதல் உதை பெறும் முறை. அடுப்புக்குப் பின்னால் இன்னொரு அடுப்பு. ஒலித்தடையைத் தாண்ட அந்த உதை வேண்டும்.

ஆர்ஃபியஸ்-12 கடைசிவரை வரவில்லை. பிரிட்டிஷ் அரசுக்கு அது தேவைப்படவில்லை. வேண்டுமென்றால் வளர்ச்சிச் செலவை இந்தியா ஏற்கட்டும் என்று நிறுவனம் கேட்டது. தில்லி மறுத்துவிட்டது. அன்று அந்நியச் செலாவணிப் பஞ்சம் கடுமையாக இருந்த காலம். உணவு தானியத்துக்கே கப்பலை எதிர்பார்த்திருந்த அரசு, பிரிட்டிஷ்காரர்களின் என்ஜினுக்கு நாம் ஏன் தண்டம் அழ வேண்டும் என்று நினைத்ததில் வியப்பில்லை. ஆனால் அந்தச் சிக்கனத்தின் விலை பிறகு தெரிந்தது. மாருத்துக்குக் கிடைத்தது ஆர்ஃபியஸ்-703. ரீஹீட் கிடையாது. உந்துவிசை தலா 2,200 கிலோ. நாட் விமானத்துக்காக பெங்களூரிலேயே தயாரிக்கப்பட்டுவந்த என்ஜின் குடும்பம் அது. இரட்டை ஒலிவேகத்துக்காக வரைந்த உடல், ஒலிவேகத்தை எட்டவே திணறியது.

இதே வேளையில் கெய்ரோவில் நாசருக்கு ஒரு யோசனை. 1956 சூயஸ் போருக்குப் பின் மேற்கு நாடுகளையும் நம்ப முடியாது, சோவியத்தை மட்டும் நம்பியிருக்கவும் விருப்பமில்லை. ஸ்பெயின் கைவிட்ட எச்.ஏ-300-ஐ எகிப்து எடுத்துக்கொண்டது. மெஸ்ஸர்ஷ்மிட்டின் குழு கெய்ரோவுக்குத் தெற்கே ஹெல்வானுக்குக் குடிபெயர்ந்தது. எச்.ஏ. என்ற எழுத்துகள் அப்படியே இருந்தன. ஹிஸ்பானோவுக்குப் பதில் ஹெல்வான், அவ்வளவுதான்.

நாசர் செய்த ஒரு காரியத்தை தில்லி செய்யவில்லை. விமானத்தோடு சேர்த்து என்ஜினுக்கும் ஆள் பிடித்தார். ஃபெர்டினாண்ட் பிராண்ட்னர் என்ற ஆஸ்திரியர். போர் முடிந்ததும் சோவியத் பிடியில் சிக்கி, ரஷ்யாவின் மாபெரும் டர்போபிராப் என்ஜின் உருவாக்கத்தில் பல ஆண்டுகள் வேலை செய்துவிட்டு வந்தவர். அவர் ஹெல்வானில் ஈ-300 என்ற என்ஜினை வடிவமைத்தார். ரீஹீட்டோடு சுமார் 4,800 கிலோ உந்துவிசை. அதாவது மாருத்தில் இருந்த ஆர்ஃபியஸைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.

அந்த என்ஜின் தயாராகும் வரை எச்.ஏ-300-க்கும் ஆர்ஃபியஸ்-703 தான் கதி. புதிய விமானத்தைப் பறக்கவிட எகிப்துக்கு அனுபவமுள்ள சோதனை விமானி தேவைப்பட்டார். இந்தியாவிடம் கேட்டது. இந்திய விமானப் படை அனுப்பியவர் கபில் பார்கவா. 1964 மார்ச் 7-ல் ஹெல்வானிலிருந்து எச்.ஏ-300-ஐ முதன்முதலாக வானில் ஏற்றியவர் அந்த இந்தியர். செவிலில் ஒரு ஜெர்மானியர் வரைந்து, எகிப்தில் செய்து, பிரிட்டிஷ் என்ஜின் பொருத்தி, இந்தியர் ஓட்டிய விமானம். அணிசேரா நாடுகளின் காலத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஒரு படம் கிடைக்காது. 1965 ஜூலையில் இரண்டாவது முன்மாதிரியும் பறந்தது.

இப்போது கணக்கைப் பாருங்கள். இந்தியாவிடம் பறந்து நிரூபித்த உடல் இருக்கிறது, என்ஜின் இல்லை. எகிப்திடம் நம்பிக்கை தரும் என்ஜின் இருக்கிறது, அதைச் சோதிக்கப் பொருத்தமான விமானம் இல்லை. ஒற்றை என்ஜின் கொண்ட எச்.ஏ-300-ல் புது என்ஜினைச் சோதிப்பது ஆபத்து. நின்றுபோனால் விமானமும் போச்சு, விமானியும் போச்சு. மாருத்துக்கோ இரண்டு என்ஜின். ஒரு பக்கம் பழகிய ஆர்ஃபியஸையும் மறுபக்கம் புதிய ஈ-300-ஐயும் பொருத்திப் பறக்கலாம். பொருத்தம் பார்க்க வந்த ஜோசியர் பத்துக்குப் பத்து போட்டிருப்பார்.

இரு அரசுகளும் சேர்ந்தன. பெங்களூரிலிருந்து ஒரு மாருத்தும், ஓட்டவும் பராமரிக்கவும் இந்தியக் குழு ஒன்றும் எகிப்துக்குப் போயின. 1967 மார்ச்சில் ஒரு ஆர்ஃபியஸ், ஒரு ஈ-300 என்ற விநோத ஜோடியுடன் அந்த மாருத் எகிப்தின் வானில் பறந்தது. சோதனை தொடர்ந்தது. மாருத்தின் நோய்க்கு மருந்து கிடைத்துவிடும் போலிருந்தது.

மூன்று மாதம் கழிந்தது. 1967 ஜூன் 5 காலை, இஸ்ரேலிய விமானங்கள் எகிப்தின் விமானப் படையில் பெரும் பகுதியைத் தரையில் நின்ற இடத்திலேயே அழித்தன. ஆறு நாள் போரில் தோற்ற எகிப்துக்கு உடனடியாக விமானங்கள் வேண்டும். பத்து ஆண்டு கழித்து வரப்போகும் விமானம் யாருக்கு வேண்டும்? சோவியத் யூனியன் மிக் விமானங்களை அனுப்பி இழப்பை ஈடு செய்தது. எச்.ஏ-300-க்கான பணமும் ஆர்வமும் வற்றின. 1969-ல் திட்டம் மூடப்பட்டது. ஈ-300 பொருத்திய மூன்றாவது முன்மாதிரி ஓடுதளத்தில் ஓடிப் பார்த்தது. பறக்கவில்லை. இந்தியக் குழு திரும்பி வந்தது.

குற்றத்தை எகிப்தின் தோல்வி மேல் மட்டும் போட முடியாது. தில்லியும் அந்தத் திட்டத்தில் முழு மனதோடு பங்குதாரர் ஆகவில்லை. கடன் கொடுத்தது ஒரு விமானம், சில மனிதர்கள். காரணம், தில்லியின் வாசலிலும் மிக்-21 நின்றுகொண்டிருந்தது. 1962-ல் சோவியத்துடன் ஒப்பந்தம், 1963-ல் முதல் விமானங்கள், பிறகு நாசிக்கில் உடலும் ஒடிசாவின் கோராபுட்டில் என்ஜினுமாக உரிமத் தயாரிப்பு. ஸ்பெயினில் சேபர் செய்த வேலையை, எகிப்திலும் இந்தியாவிலும் மிக்-21 செய்தது. உள்ளூர்க் குழந்தை தவழும் நேரத்தில் வெளியூரிலிருந்து ஓடத் தெரிந்த பையன் வந்துவிடுகிறான். அதற்குப் பின் தவழும் குழந்தைக்குப் பால் குறைகிறது.

பெங்களூரில் என்ஜின் தேடல் இதோடு நிற்கவில்லை. வெளியிலிருந்து கிடைக்காததை, கையில் உள்ள ஆர்ஃபியஸிலேயே செய்துபார்ப்பது என்று முடிவாயிற்று. அல்சூருக்குக் கிழக்கே உள்ள சி.வி. ராமன் நகரில் இன்று இயங்கும் ஜி.டி.ஆர்.ஈ. என்ற வாயுச்சுழலி ஆராய்ச்சி நிறுவனம், ஆர்ஃபியஸ்-703-க்கு ஒரு ரீஹீட் அமைப்பை உருவாக்கியது. அதைப் பொருத்திய மாருத்தில்தான் சுரஞ்சன் தாஸ் 1970 ஜனவரி 10-ல் ஏறினார். புறப்பட்ட சிறிது நேரத்தில் விமானம் விழுந்தது. முதல் மாருத்தைப் பறக்கவிட்டவர், அதன் குறையை நீக்கும் முயற்சியில் போய்விட்டார். அதன் பிறகு ரீஹீட் மாருத் ஒரு படைப்பிரிவுக்கும் போகவில்லை.

இத்தனைக்கும் மாருத் உதவாக்கரை விமானம் அல்ல. பயிற்சி விமானங்களையும் சேர்த்து மொத்தம் 147 தயாராயின. மூன்று ஸ்குவாட்ரன்கள் அவற்றைப் பயன்படுத்தின. 1971 டிசம்பர் போரில் ராஜஸ்தான் பாலைவன முனையில் தாழ்வாகப் பறந்து தரை இலக்குகளைத் தாக்கின. வான்சண்டையில் ஒரு மாருத்தையும் எதிரி வீழ்த்தவில்லை. மாறாக ஒரு மாருத் பாகிஸ்தானின் சேபர் ஒன்றை வீழ்த்தியது. ஒரு என்ஜின் அடிபட்ட பின்னும் மற்றொன்றின் துணையோடு தளம் திரும்பிய மாருத்தும் உண்டு. டாங்க் வரைந்த உடல் கடைசிவரை உறுதியாக இருந்தது. விமானிகள் அதன் நிலைத்தன்மையைப் புகழ்ந்தார்கள். ஆனால் வளர வழியில்லாத விமானம், எவ்வளவு நல்ல குணம் இருந்தாலும், ஓய்வுக்குத்தான் போகும். 1980-களில் ஒவ்வொன்றாக ஒதுக்கப்பட்டு 1990 வாக்கில் மாருத் சகாப்தம் முடிந்தது.

தில்லியின் பக்கத்து நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். 1962-ல் சீனாவுடன் போர். 1965-ல் பாகிஸ்தானுடன் போர். எல்லையில் நெருப்பு எரியும்போது கிணறு தோண்டிக்கொண்டிருக்க முடியாது. மிக்-21 மலிவு, வேகமானது, ரூபாயில் வாங்கலாம், உரிமமும் கிடைத்தது. அந்த முடிவைத் தவறென்று சொல்வது எளிது. அன்றைய நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்கு வேறு வழி எத்தனை இருந்தது என்பது வேறு கேள்வி. ஆனால் மிக்-21 வாங்குவதற்கும் மாருத்துக்கு என்ஜின் செய்வதற்கும் இடையே ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று யாரும் நிபந்தனை போடவில்லை. முதலாவது இன்றைய பாதுகாப்புக்கான செலவு. இரண்டாவது நாளைய பாதுகாப்புக்கான சேமிப்பு. செலவு செய்துவிட்டு சேமிப்பை மறந்தோம்.

கோராபுட்டில் மிக் என்ஜினையும் பெங்களூரில் ஆர்ஃபியஸையும் நாமே தயாரித்தோமே, அது போதாதா என்று கேட்கலாம். போதாது. அடுத்த வீட்டு மாமி எழுதிக் கொடுத்த அளவுப்படி சாம்பார் வைப்பது வேறு. புளி குறைந்தால் என்ன செய்வது என்று தெரிந்திருப்பது வேறு. ஜெட் என்ஜினில் இந்த வித்தியாசம் இன்னும் கடுமை. நவீன என்ஜினின் டர்பைன் தகடுகள் மீது பாயும் வாயுவின் வெப்பம், அந்தத் தகட்டின் உலோகத்தையே உருக்கிவிடும் அளவுக்கு அதிகம். தகட்டுக்குள் குடையப்பட்ட நுண்ணிய துளைகள் வழியே ஓடும் காற்றும், முழுத் தகட்டையும் ஒரே படிகமாக வார்க்கும் நுட்பமும்தான் அது உருகாமல் காக்கின்றன. எந்த உரிம ஒப்பந்தத்திலும் அந்தச் சூட்சுமத்தை யாரும் முழுதாக எழுதித் தருவதில்லை. வார்த்து, உடைத்து, மறுபடி வார்த்துத்தான் கற்க முடியும். அதற்குப் பல ஆண்டுகள் ஆகும், தோல்விகளுக்கும் சேர்த்துப் பணம் கட்ட வேண்டும்.

அந்தப் பணத்தைக் கட்ட நாம் எப்போதும் தாமதமாகத்தான் வருகிறோம். ஜி.டி.ஆர்.ஈ.யின் காவேரி என்ஜின் திட்டத்துக்கு 1989-ல் அனுமதி கிடைத்தது. இலகு ரகப் போர் விமானமான தேஜஸுக்காகப் பிறந்த என்ஜின். எதிர்பார்த்த உந்துவிசை வரவில்லை. 2008-ல் தேஜஸையும் காவேரியையும் பிரித்துவிட்டார்கள். அந்த என்ஜினைப் பறந்துகொண்டே சோதிக்க நம்மிடம் விமானம் இல்லாததால், 2010-ல் அதை ரஷ்யாவுக்கு எடுத்துப் போய் ஒரு பெரிய சரக்கு விமானத்தில் பொருத்திச் சோதித்தோம். 1967-ல் எகிப்துக்காரர்களின் என்ஜினுக்குச் சோதனை விமானம் கொடுத்த நாடு, நாற்பது ஆண்டு கழித்துத் தன் என்ஜினுக்கு விமானம் தேடி வெளியே போனது.

2001 ஜனவரி 4-ல் முதலில் பறந்த தேஜஸ், அமெரிக்க ஜெனரல் எலெக்ட்ரிக் எஃப்-404 என்ஜினோடுதான் பறந்தது. 2021 பிப்ரவரியில் விமானப் படை 83 தேஜஸ் மார்க்-1ஏ விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. அவற்றுக்காக எச்.ஏ.எல். அதே ஆண்டு 99 என்ஜின்கள் கேட்டது. முதல் என்ஜின் வந்து சேர்ந்தது 2025 மார்ச்சில், சுமார் இரண்டு ஆண்டுத் தாமதத்துடன். பெங்களூரில் தேர்கள் வரிசையாகத் தயாராகின்றன. குதிரைகள் கடல் கடந்து, அடுத்தவர் வசதிப்படி வருகின்றன. 2025 செப்டம்பர் 26-ல் சண்டிகரில் மிக்-21 கடைசி மரியாதையோடு ஓய்வு பெற்றது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் பறந்துவிட்டது. அவசரத்துக்காக வாங்கிய விமானம், அது ஓரங்கட்டிய மாருத்தைவிட முப்பத்தைந்து ஆண்டு அதிகம் வாழ்ந்தது.

அந்தப் பழைய விமானங்கள் இப்போது எங்கே? எச்.ஏ-300-ன் முதல் முன்மாதிரியை ஜெர்மானியர்கள் 1991-ல் எகிப்திலிருந்து வாங்கிப் போய்ச் சீரமைத்தார்கள். மியூனிக் அருகே ஷ்லைஸ்ஹைமில் உள்ள அருங்காட்சியகத்தில் நிற்கிறது. மாருத்தை பெங்களூர் கஸ்தூர்பா ரோட்டில் விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகத்தின் முன்னாலும், எச்.ஏ.எல். அருங்காட்சியகத்திலும் பார்க்கலாம். குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் மாணவர்கள் தினமும் ஒரு மாருத்தைக் கடந்து வகுப்புக்குப் போகிறார்கள். அவர்களில் யாராவது ஒருவர் அதன் அடியில் நின்று, அழகான இந்த உடலுக்கு என்ன ஆயிற்று என்று ஆசிரியரைக் கேட்டால், சொல்ல வேண்டிய பதில் மூன்று நாடுகளின் வரலாறு.

அடுத்த தலைமுறைப் போர் விமானத்துக்கான என்ஜினை பிரான்சின் சாஃப்ரான் நிறுவனத்துடன் சேர்ந்து இந்தியாவிலேயே உருவாக்கப் போவதாக 2025 ஆகஸ்டில் பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங் சொன்னார். நல்ல செய்தி. ஆனால் ஹெல்வானிலும் எல்லாம் நல்ல செய்தியோடுதான் தொடங்கியது. முதல் தகடு உடையும்போதும், முதல் சோதனை என்ஜின் தீப்பிடிக்கும்போதும், வெளிநாட்டிலிருந்து யாராவது தயார் நிலையில் ஒரு விமானத்தைத் தள்ளுபடி விலையில் நீட்டும்போதும் தில்லி என்ன செய்கிறது என்பதே பரீட்சை. அந்த ஆண்டு பட்ஜெட்டிலும் என்ஜினுக்கான தொகை குறையாமல் இருந்தால், சுரஞ்சன் தாஸ் ரோட்டின் பெயருக்கு நாம் ஒரு நியாயம் செய்தவர்கள் ஆவோம்.